பேர்ல் மில்லிங் கம்பெனி பான்கேக் மாவு: பெட்டியிலிருந்து நீக்கப்பட்ட முகம்

அமெரிக்கக் கடைகளில் சிவப்புப் பெட்டியில் கிடைக்கும் இந்தப் பான்கேக் மாவு, 2021 வரை ஆன்ட் ஜெமைமா என்ற பெயரில் விற்கப்பட்டது. பால், முட்டை, எண்ணெய் சேர்த்துக் கலக்கும் வகையில் அப்பம் நன்றாக உப்பி, மென்மையாக வருகிறது. தண்ணீர் மட்டும் ஊற்றிக் கலக்கும் வகையின் சுவை ஒரு படி கீழேதான். ஆயினும் வேலைக்கும் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டிய வீட்டில் அதுவே கைகொடுக்கும். எதுவானாலும் மாவை அதிகம் அடித்துக் கலக்க வேண்டாம். சிறு கட்டிகள் இருந்தால் குற்றமில்லை.

காலை நேரத்தை மிச்சப்படுத்துவதே இந்த மாவின் பயன். அந்தப் பயனை இந்நிறுவனம் விற்ற விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1889இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் தோன்றிய இந்த மாவுக்கு, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய மேடைக் கூத்திலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆன்ட் ஜெமைமா பாத்திரமாகவே நின்று, வந்தவர்களுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தார். தலையில் துணி கட்டிய, எப்போதும் சிரிக்கிற, தனக்கென்று குடும்பமோ களைப்போ இல்லாமல் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே மனம் நிறைகிற ‘மேமி’ என்னும் கற்பனைப் பெண்ணை, இந்தப் பெட்டி தலைமுறை தலைமுறையாக உணவு மேசைக்குக் கொண்டு வந்தது.

அந்தக் கற்பனை மறைத்தது சாதாரண விஷயத்தை அல்ல. பிறர் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடியலில் கிளம்பிய கறுப்பினத் தாய்மார்களின் பிள்ளைகளைப் பாட்டியோ மூத்த அக்காவோதான் பார்த்துக்கொண்டார்கள். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், குறைந்தபட்ச ஊதியம் தந்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டு வேலை செய்பவர்களை வெளியே நிறுத்தின. ஊதியச் சட்டம் அவர்களை எட்டியது 1974இல்தான். 1923இல் ‘மேமி’க்கு வாஷிங்டனில் சிலை எழுப்ப அமெரிக்கச் செனட் ஒப்புதல் அளித்தது, கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன, சிலை எழவில்லை. அதே ஆண்டில் சிகாகோவில் வாகனம் மோதி இறந்த நான்சி கிரீனின் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கப்பட்டது 2020இல். சிலைக்கு வாக்களித்த நாட்டில், 1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்ட மொய்னிஹான் அறிக்கை, தாய் தலைமையேற்கும் கறுப்பினக் குடும்ப அமைப்பையே அந்தச் சமூகத்தின் பின்னடைவுக்கு ஒரு காரணமாகக் காட்டியது. பிறர் பிள்ளையை வளர்த்தபோது போற்றப்பட்டவள் தன் பிள்ளையை வளர்த்தபோது குற்றவாளியானாள்.

1989இல் தலைத்துணி போய் முத்துத் தோடு வந்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவல்துறை அதிகாரி கொன்றதற்குப் பின் எழுந்த போராட்டங்களின்போது படத்தையும் பெயரையும் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. இப்போது பெட்டியில் இருப்பது ஒரு நீர்ச்சக்கர ஆலை. படத்தை எடுத்தது சரியே. ஆனால் பழைய பிழையின் இடத்தில் ஆலையை வரைந்துவிட்டால், அதன் பெயரால் உழைத்த பெண்களும் சேர்ந்தே மறைந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

பிள்ளைகளைப் பாலினப் பாகுபாடின்றி வளர்க்க விரும்பும் பெற்றோருக்கு இந்த மாவையே பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையுடன். பெட்டியின் பின்புறத்து அளவுகளை எட்டு வயதுப் பையனும் படித்துக் கலக்கலாம். அடுப்பருகே அப்பா நிற்கட்டும். பழைய விளம்பரப் படம் ஒன்றைத் தேடிக் காட்டி, இந்த அம்மா இங்கே இருக்கும்போது அவருடைய பிள்ளைகளுக்கு யார் காலை உணவு கொடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பழங்கதையும் அல்ல: பிள்ளைப் பேற்றுக்கும் குடும்பத்தினரின் கடும் நோய்க்கும் 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இன்றும் தருவது 12 வார ஊதியமற்ற விடுப்பு மட்டுமே, அதுவும் 50க்குக் குறைவான ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது.

இதே பெயரில் வரும் வழக்கமான பாகு சோளச் சர்க்கரைப் பாகுதான், மேப்பிள் அல்ல. அதைத் தவிர்த்துவிட்டு வெண்ணெயும் பழமும் வைத்துச் சாப்பிட்டால் மாவின் சுவை நன்றாகத் தெரியும்.