பொத்தான் முதல் மோட்டர் வரை: பைதனா, புரோஸா?

கொழும்பில் தமிழ் மொழிமூலம் கற்கும் மாணவர்கள் வெக்ஸ் வி5 என்ற, பாகங்களைப் பொருத்திச் செய்யும் கல்வி ரோபோவைப் போட்டிக்குத் தயார்ப்படுத்தும்போது, செய்நிரலை வெக்ஸின் மென்பொருளான வெக்ஸ்கோடில் பைதன் மொழியில் எழுதுவதா, புரோஸ் என்ற வேறொரு தளத்தில் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதுவதா என்ற கேள்வி விரைவிலேயே எழுகிறது. வெக்ஸ்கோடில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் முறையும் உண்டு. அது எளிதில் கைவந்துவிடும், ஆனால் செய்நிரல் நீளும்போது திரை போதாமற் போய்விடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தொடக்கத்துக்குப் பைதனே மேல் என்பது என் கணிப்பு. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் அம்மொழியே இருப்பதால், மூத்த மாணவர் இளையவருக்குத் தமிழிலேயே விளக்கிவிடலாம். வெக்ஸ்கோடை உலாவியிலேயே திறக்க முடிவதும் சிறிய வசதியன்று; பாடசாலைக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ அனுமதி கேட்டு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். புரோஸ், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய திறந்த மூலத் தளம். அதைக் கணினியில் நிறுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டும் நன்றாக வேறுபடுவது பொத்தான்களைக் கையாளும் விதத்தில்தான். கையில் பிடிக்கும் கட்டுப்படுத்தியின் ஆர்1 பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ரோபோவின் பிடி மூடவும் மறுமுறை அழுத்தினால் திறக்கவும் வேண்டும் எனக் கொள்வோம். பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று மட்டும் 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பார்க்கும் லூப்பில் (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதியில்), விரல் 200 மில்லிசெக்கன் தங்கினாலே கட்டளை ஏறத்தாழ 10 தடவை மாறிவிடும். பிடி இறுதியில் திறந்து நிற்குமா, மூடி நிற்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புரோஸில் இதற்கென்றே ஒரு சார்பு (பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுதி) தயாராக உள்ளது. புதிதாக அழுத்திய கணத்தில் ஒரேயொரு முறைதான் அது ஆம் என்று விடை தரும். பைதனில் பொத்தானின் முந்தைய நிலையை ஒரு மாறியில் வைத்து நாமே ஒப்பிட வேண்டும், அல்லது அழுத்தும்போது இயங்கவேண்டிய சார்பை லூப்புக்கு வெளியே ஒருமுறை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். புரோஸின் வழி சுருக்கமானதுதான். ஆயினும் அந்த மாறியைத் தானே எழுதிப் பார்த்த மாணவர்தான், அச்சுருக்கம் பின்னால் என்ன செய்கிறது என்பதை அறிந்து பயன்படுத்துவார்.

மோட்டருக்குக் கொடுக்கும் எண்ணிலும் வேறுபாடு உண்டு. வெக்ஸ்கோடில் ஜோய்ஸ்டிக் -100 முதல் 100 வரை காட்டும். அதைச் சதவீத வேகமாகக் கொடுத்தால், சுமை ஏறினாலும் மோட்டர் அவ்வேகத்தைத் தானே பேண முயலும். புரோஸில் ஜோய்ஸ்டிக் -127 முதல் 127 வரை செல்லும். வழக்கமான கட்டளை அதை வோல்ற்றளவாக எடுத்துக்கொள்வதால் சுமை கூடும்போது வேகம் தளரும். போட்டியில் மாணவர் ரோபோவை ஓட்டும், 1 நிமிடம் 45 செக்கன் நீளும் ஓட்டுநர் பகுதியில் மனிதக் கண் இதைச் சரிசெய்துகொள்ளும்; செய்நிரல் மட்டுமே ரோபோவை இயக்கும் 15 செக்கன் தன்னியக்கப் பகுதியில் சரிசெய்ய ஆளில்லை. புரோஸிலும் வேகக் கட்டளை உண்டு, ஆனால் அது நிமிடச் சுற்றுகளில் அமைவதால் மோட்டரில் பொருத்தும் சிவப்புப் பற்சில்லுப் பெட்டிக்கு 100, பச்சைக்கு 200, நீலத்துக்கு 600 என்று உச்ச அளவை நினைவில் வைத்தே எழுத வேண்டும்.

தூக்கும் கைக்கு இரண்டிலும் மோட்டர் நின்ற இடத்திலேயே அசையாமல் பிடித்து நிற்கும் நிறுத்த முறையையே தெரிவுசெய்யுங்கள். நெடுநேரம் பாரத்தைத் தாங்கி நின்றால் மோட்டர் சூடேறும். 55 பாகை செல்சியஸை எட்டினால் அது தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.