ஆறு வருடம் ஜோட்டெரோவோடு: நூற்பட்டியல் அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய வாரமே ஜோட்டெரோவை இறக்கிக்கொண்டேன். ஆய்வேடு கொடுத்து முடித்தாயிற்று. இப்போது கட்டுரைகளுக்கும் அதுதான். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது; படித்த நூல்களின் விவரங்களைச் சேமித்து, மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் அமைத்துத் தரும்.

மந்திரக்கோல் படத்தை அழுத்தி நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணை (ஒவ்வொரு நூலுக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு எல்லாம் வந்து விழும். முதல் வருடம் முழுக்க வந்ததை அப்படியே நம்பினேன். வரைவைப் படித்த நெறியாளர் நூற்பட்டியலில் ஒரு வரியை வட்டமிட்டு, "நீங்க மேற்கோள் காட்டுற கட்டுரையை எழுதினது இவரா?" என்று கேட்டார். இல்லை, அவர் தொகுப்பின் பதிப்பாசிரியர். ஜோட்டெரோவில் அந்தப் பதிவின் வகையை 'நூல்' என்பதிலிருந்து 'நூற்பகுதி' என்று மாற்றி, கட்டுரையாளர், கட்டுரைத் தலைப்பு, பக்க எண்கள் மூன்றையும் நானே சேர்த்தேன். அதன்பின் வரி தானாகவே சரியாக அமைந்தது.

நிறுவனம் ஆசிரியராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெயரை முதற்பெயர், கடைசிப்பெயர் என்று பிரிக்காமல் ஒற்றைப் பெட்டியில் இடாவிட்டால் 'உலக சுகாதார நிறுவனம்' என்பது ஏபிஏ பாணியில் (நூல் விவரங்களை எழுதும் முறைகளில் ஒன்று; சிகாகோ இன்னொன்று) 'நிறுவனம், உ. சு.' என்று வந்து நிற்கும். மூன்றாம் பதிப்பு என்றால், பதிப்பு என்ற இடத்தில் 3 என்ற எண் மட்டும் போதும். வெளியிட்ட ஊரை ஏபிஏ ஏழாம் பதிப்பு கேட்பதில்லை, ஆனாலும் அதை அழித்துவிடாதீர்கள். ஊர் கேட்கும் பாணிகள் உண்டு.

நான் அதிகம் வற்புறுத்துவது ஆங்கிலத் தலைப்புகளைப் பற்றித்தான். முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்துச் சேமியுங்கள். ஏபிஏ கேட்பது அதைத்தான், துணைத்தலைப்பின் முதல் சொல்லுக்கும் சேர்த்து. சிகாகோ பாணி முக்கியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து கேட்கும்; அந்த மாற்றத்தை மென்பொருளே செய்துவிடும். திருப்பி மாற்றுவதை அதனால் பிழையில்லாமல் செய்ய முடியாது. எது ஊர்ப்பெயர், எது சாதாரணச் சொல் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

இப்போதெல்லாம் நூல் கையில் இருக்கும்போதே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திறந்து வைத்துச் சரிபார்க்கிறேன். அங்கே மறுஅச்சு ஆண்டும் பதிப்பு ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது நாம் படித்த பதிப்பு வெளியான ஆண்டு. ஒரு நூலுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

போன மாதம் ஒரு கட்டுரையை ஏபிஏயிலிருந்து சிகாகோவுக்கு மாற்ற வேண்டி வந்தது. வேர்டில் பாணியை மாற்றியதும் 64 நூல்களும் ஒரே மூச்சில் மாறிவிட்டன. கையால் திருத்த வேண்டியிருந்தவை இரண்டே வரிகள். இரண்டும் அந்த முதல் வருடத்தில் சரிபார்க்காமல் சேர்த்தவை.