ரிப்கிரெப்பா, யுகிரெப்பா, பழைய கிரெப்பே போதுமா?

டெர்மினலில் வேறு எந்தக் கட்டளையையும் விட நான் அதிகம் தட்டுவது ஃபைல்களுக்குள் ஒரு சொல்லைத் தேடும் கட்டளையைத்தான். கென் தாம்ப்சன் 1973-ல் யுனிக்ஸுக்கு எழுதிய கிரெப்பின் வாரிசு இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாத சர்வரில் அதுவே கதி. அங்கே குறையொன்றும் இல்லை. ஆனால் சொந்த லேப்டாப்பில், பிறர் எழுதிய லைப்ரரிகள் சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் நிறைந்த ஒரு ப்ராஜெக்டில் கிரெப்பை ஓட்டினால் யாரோ எழுதிய லைப்ரரிகளின் வரிகளெல்லாம் திரையில் கொட்டும்.

ஆண்ட்ரூ கேலன்ட் 2016-ல் ரஸ்ட் மொழியில் வெளியிட்ட ரிப்கிரெப் அங்கேதான் கைகொடுக்கிறது. 'ஆர்ஜி' என்று இரண்டு எழுத்தும் தேடும் சொல்லும் போதும். கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட் இக்னோர் ஃபைலைப் படித்து, வேண்டாதவற்றைத் தானே ஒதுக்கிவிடும். பல சிபியு கோர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வேகமும் அபாரம். விஎஸ் கோட் எடிட்டரின் தேடல் பெட்டிக்குப் பின்னால் ஓடுவதும் இதுதான்.

ஆனால் அந்த ஒதுக்கலே ஒருமுறை எனக்கு அரை நாளைத் தின்றது. டேட்டாபேஸ் முகவரி ஒன்று எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ரிப்கிரெப் ஒரு வரிகூடக் காட்டவில்லை. முகவரி இருந்ததோ ப்ராஜெக்டின் அமைப்புகளை வைக்கும், புள்ளியில் தொடங்கும் என்வ் ஃபைலில். அது மறைவு ஃபைல். கிட் இக்னோரிலும் இருந்தது. இரண்டு காரணத்தாலும் தாண்டிப் போயிருக்கிறது. மைனஸ் போட்டு 'யு' எழுத்தை இரண்டு முறை தட்டியிருந்தால் கிடைத்திருக்கும். ரிப்கிரெப் எதுவும் இல்லை என்றால், இப்படி இன்னொரு தரம் தேடாமல் நம்பாதீர்கள்.

இன்னொரு தேடல் கருவியான யுகிரெப்பின் போக்கு வேறு. சொன்னால் ஒழிய கிட் இக்னோரை அது கண்டுகொள்ளாது. மறைவு ஃபைல்களை மட்டும் தாண்டும். கிரெப்பின் ஆப்ஷன்களை ஏறக்குறைய அப்படியே ஏற்பதால் பழைய ஸ்கிரிப்டுகளில் மாற்றி வைப்பது எளிது. சின்ன 'இசட்' கொடுத்தால் ஜிப், டார் ஃபைல்களுக்குள்ளும் தேடும். பெரிய 'க்யூ' கொடுத்தால் நீங்கள் தட்டத் தட்ட முடிவுகள் மாறும் திரை திறக்கும். சரியான பேட்டர்ன் மனதில் இல்லாதபோது இது பெரிய உதவி.

ஏஜி என்னும் சில்வர் சர்ச்சர் என்ற தேடல் கருவியையும் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். அதன் கடைசி வெளியீடு 2018-ல். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தமிழ் உரையில் தேடுபவர்களுக்கு யுகிரெப்பைத்தான் கையில் கொடுப்பேன். 'கொள்முதல்' என்ற சொல்லில் உள்ள 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாகவே இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். ரிப்கிரெப்பில் இரண்டு வடிவங்களையும் நாமே எழுதித் தர வேண்டும். யுகிரெப்பில் பெரிய 'இசட்'டுடன் 2 சேர்த்தால், இரண்டு குறிகள் வரை பிசகினாலும் பிடித்துவிடும். ஒரு குறி மாறுவதும் ஒரு குறி கூடுவதும் சேர்ந்து சரியாக இரண்டு. 'கொடி' போன்ற குட்டிச் சொல்லுக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம்: 'கடி', 'குடி', 'கோடி' எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும்.