அக்கா மகளுக்கு முன்னால் ஓட ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: 7 மாத அனுபவம்

மைலேஜ், டிக்கி, டிஸ்ப்ளே என்று இந்த வண்டியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வாங்கிய காரணம் வேறு. காவேரிப்பட்டணத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகளுக்கு 17 வயது, ரோடு சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு முன்னால் ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்காரருக்கு வேகமாக ஓட்டத்தான் தெரியும், சீராக ஓட்டத் தெரியாது. வேலை என் தலையில் விழுந்தது.

இது எதற்கு என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சமதளத்தில் சைக்கிள்காரருக்கு முக்கிய எதிரி காற்றுதான். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி மூன்று மடங்குக்கும் மேலே போய்விடும். பாப்பா தனியாக ஓட்டினால் மணிக்கு 32, 33 கிலோமீட்டரில் நிற்பாள். ஸ்கூட்டருக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டி வந்தால் அதே கால் 43 வரை சுற்றும். ரேஸில் கூட்டத்தோடு போகும் வேகம் அது. அந்த வேகம் காலுக்குப் பழகத்தான் இவ்வளவு பாடும். என் எடை 92 கிலோ. என் உடம்பால் ஒருவருக்குப் பிரயோஜனம் என்று கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை.

முதல் மூன்று மாதம் கடையில் இருந்த பழைய 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரில்தான் ஓட்டினேன். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புகை முழுக்க அவள் முகத்தில். வீட்டுக்கு வந்த பிறகும் அரை மணி நேரம் இருமுவாள். முள் காட்டும் வேகத்தையும் நம்ப முடியாது. முள் 45 என்றால் அவள் சைக்கிளில் உள்ள ஜிபிஎஸ் மீட்டர் 41 என்னும். அப்புறம் சத்தம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கிருஷ்ணகிரி ஷோரூமில் விற்பனைப் பையன் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். “தம்பி, ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாக எவ்வளவு பிரேக் பிடிக்கும்?” என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி வெண்ணெய் மாதிரி உருண்டு போனது. சரி என்று வாங்கிவிட்டேன். மோட்டார் பிரித்துப் பிழைக்கிறவன் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

இந்த வண்டிகளின் மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால், சுற்றுகிற சக்கரம் அதே மோட்டாரை டைனமோ ஆக்கி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். கரண்ட் எடுக்கும்போது சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடம் இல்லை, அதனால் பிடிப்பும் இல்லை. ஷோரூம் வண்டி முழு சார்ஜில் இருந்தது. அதனால்தான் வெண்ணெய்.

மூன்றாம் நாள், பாலக்கோடு ரோடு. முதல் 20 நிமிஷம் எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு சின்ன ஏற்றம். பின்னாலிருந்து “மாமா, விடு!” என்று கத்தினாள். (வீட்டில் நீங்க, வாங்க என்பவள்தான். மூச்சு வாங்கும்போது ‘ங்க’ வராது.) வேகத்தைக் குறை என்பதுதான் அவள் சொன்னதற்கு அர்த்தம். நான் விடு என்றதும் ஆக்சிலேட்டரை மொத்தமாக விட்டுவிட்டேன். அதற்குள் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி வண்டி நின்றது. அவள் முன்சக்கரம் என் பின்டயரில் இடித்து, சைக்கிளோடு இடது பக்கம் போய் விழுந்தாள். முழங்கையும் முட்டியும் சிராய்ப்பு. ஹெல்மெட் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க விரும்பவில்லை. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்பு வண்டியுடையது அல்ல, என் கையுடையது.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள். செட்டிங்கில் அந்தப் பிடிப்பை இருப்பதிலேயே குறைந்த அளவுக்கு வைத்தேன். சார்ஜ் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. முதல் கிலோமீட்டரிலும் கடைசிக் கிலோமீட்டரிலும் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ‘விடு’ என்ற வார்த்தையைத் தடை செய்துவிட்டோம். இப்போது ‘ஏத்து’, ‘குறை’, இரண்டே சொல். குறை என்றால் ஆக்சிலேட்டரை நூல் அளவு திருப்பி, வேகத்தை ஒவ்வொரு கிலோமீட்டராக இறக்குவேன். பிரேக்கை நான் தொடுவதே இல்லை. நாய் வந்தால்கூட முதலில் கத்திச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் குறைப்பு.

ஐரோப்பாவில் இந்த வேலைக்கென்றே டெர்னி என்று ஒரு வண்டி 1938-லிருந்து இருக்கிறது. சின்ன எஞ்சின், கூடவே பெடல். ஓட்டுகிறவரும் மிதித்துக்கொண்டே போவதால் வேகம் திடீரென ஏறாது, இறங்காது. படத்தைப் பார்த்ததும் எனக்கு 1980-இல் ஓசூரில் வந்த டிவிஎஸ் 50 ஞாபகம்தான் வந்தது. ஒலிம்பிக்கில் கெய்ரின் என்ற சைக்கிள் போட்டியிலும் வீரர்களை முதல் சுற்றுகளில் இழுத்துப் போவது இந்த மாதிரி வண்டிதான். கெய்ரின் ஜப்பானில் 1948-இல் சூதாட்டப் பந்தயமாகத் தொடங்கி, 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. பாப்பா இன்னொரு வீடியோவும் காட்டினாள். டெனிஸ் முல்லர்-கோரெனெக் என்ற அமெரிக்கப் பெண்மணி 2018-இல் உப்புத் தரையில் ரேஸ் காருக்குப் பின்னால் சைக்கிளில் 296 கிலோமீட்டர் வேகம் போயிருக்கிறார். “நீ 43-ஐ ஒழுங்காப் பிடி, அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். பெட்ரோல் வண்டியில் எனக்குப் பின்னால் நடப்பது எதுவும் காதில் விழாது. கண்ணாடி ஒன்றுதான் துணை. அதுவும் குவிந்த கண்ணாடி, அரை மீட்டரில் இருப்பவளை மூன்று மீட்டரில் காட்டும். திரும்பிப் பார்த்தால் ஹேண்டில் கூடவே திரும்பும், அதனால் அது கூடவே கூடாது. இந்த வண்டியில் அவள் செயின் சத்தம் கேட்கிறது. கியர் மாற்றும் ‘டக்’ கேட்கிறது. மூச்சு கேட்கிறது. இரண்டு மாதத்தில் மூச்சை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது: மூக்கில் வந்தால் இன்னும் ஏற்றலாம், வாய்க்கு மாறினால் இப்படியே போகலாம், நடுவில் ஒரு முனகல் வந்தால் இன்னும் ஒரு நிமிஷத்தில் பிய்ந்துபோவாள். செயின் சத்தம் காதிலிருந்து விலகினால் பின்தங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவள் ‘குறை’ சொல்வதற்கு முன்பே நான் குறைத்துவிடுகிறேன். கொடுத்த காசு இந்த ஒன்றுக்கே சரியாகிவிட்டது என்பேன்.

ஏற்றத்தில் மட்டும் கவனம் வேண்டும். கரண்ட் மோட்டாருக்கு மேடும் பள்ளமும் ஒன்று. 42 என்றால் பாலத்து மேட்டிலும் 42-தான். பின்னால் வருகிறவளின் கால் அப்படி இல்லையே. மேடு வருவதற்கு முன்பே 36-க்கு இறங்கிவிட வேண்டும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது. சோம்பேறித்தனத்தில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

பின்பக்கம் ஒரு ரோலர் நானே செய்தேன். ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப், இரண்டு முனையிலும் மோட்டாருக்குப் போடும் 6203 பேரிங், இடைவெளிக்கு, வைண்டிங்கில் இன்சுலேஷனுக்குப் போடும் லெதராய்டு பேப்பர் சுற்றல். சைக்கிள் டயர் பட்டால் உருண்டுவிடும், சிக்காது. பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுவேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த க்ராஷ் கார்டை முதல் நாளே எடுத்துவிட்டேன். அந்தக் கம்பியில் முன்சக்கரம் மாட்டினால் கதை முடிந்தது.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்புவோம். ஹைவே பக்கமே போவதில்லை. அக்கா வீட்டுக்காரர் பைக்கில் இரண்டு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு பின்னால் வருவார். அவ்வளவு செய்தும் தக்காளி ஏற்றிய மினி லாரிகள் ஒட்டி உரசித்தான் போகின்றன. மாங்காய் சீசனில் டிராக்டர்கள் வேறு. ரோட்டில் சிந்திய பெங்களூரா மாங்காய் ஒன்று போதும் சைக்கிளைக் கவிழ்க்க. ஜூன் மாதம் முழுக்கப் பயிற்சியை நிறுத்திவிட்டோம்.

சார்ஜ் விஷயம்: 35 கிலோமீட்டர் போய் வந்தால் 90-லிருந்து 57, 58-க்கு வருகிறது. போதும். டிஜிட்டல் வேகம் அவள் மீட்டரை விட 2 கூடுதலாகக் காட்டுகிறது. எப்போதும் அதே 2 என்பதால் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். சீட் எனக்கு ஒல்லி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கேட்கும்.

மற்றபடி, 5 எச்பி மோட்டாரை ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர இன்னும் பழைய பெட்ரோல் வண்டிதான். இதன் ஃபுட்போர்டில் அது உட்காரவில்லை.