குழந்தைகளோடு கடற்கரை ரிசார்ட்: மாலத்தீவா, பாசிக்குடாவா, ஈசிஆரா?

சென்னையில் இருந்துகொண்டு மூன்று வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரு நல்ல கடற்கரை ரிசார்ட்டுக்குப் போக நினைத்தால், கைக்கு எட்டுகிற வழிகள் மூன்று. காரை எடுத்தால் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. நேரடி விமானம் பிடித்தால் மாலத்தீவு. கொழும்பில் இறங்கி இலங்கையைக் குறுக்கே கடந்தால், மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா. கோடை விடுமுறைக்கு நாங்கள் பாசிக்குடாவுக்குப் போனோம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் எல்லா மாதத்துக்கும் இல்லை.

அறை, மெத்தை, பஃபே பற்றியெல்லாம் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சொகுசு என்று பார்த்தால் மாலத்தீவை அடித்துக்கொள்ள முடியாது. சரி, அந்தச் சொகுசு மூன்று வயதுக் குழந்தைக்கு எங்கே தெரியப்போகிறது? அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கடலில் இறங்க விடுவார்களா, மாட்டார்களா?

ஈசிஆரில் பெரும்பாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுகிறது. அலை கரையில் வந்து அறைந்து, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முழங்கால் நனைவதற்குள் காவலாளி விசில் ஊதிவிடுவார். அதனால் கடலைப் பார்த்த அறைக்குப் பணம் கட்டிவிட்டு, நாள் முழுக்க நீச்சல் குளத்தில் கிடப்போம். மாமல்லபுரம் டெம்பிள் பே மாதிரி இடங்களில் குளமே வளாகம் முழுக்க வளைந்து ஓடுகிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பக்கத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வேறு. வார இறுதிக்கு இது போதும். வழக்கமான குழந்தை மருத்துவர் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறார் என்ற நிம்மதியும் உண்டு. ஆனால் கடல் விடுமுறை என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாலத்தீவில் பவளப்பாறை சுற்றிலும் அரணாக நிற்பதால் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். ஆனால் தீவுக்குத் தீவு மாறும். கரையிலிருந்தே மீன் கூட்டம் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யும் தீவுகளில் பாறை விளிம்பு கரைக்கு மிக அருகில் இருக்கும். அதைத் தாண்டினால் திடீர்ப் பள்ளம். பெரியவர்களுக்கு அதுதான் கவர்ச்சி, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் ஆபத்து. முன்பதிவு செய்யும்போது 'குழந்தைகளுக்கு ஏற்றதா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கரையிலிருந்து பாறை விளிம்பு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லாக்களைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டாம். படுக்கையறையிலிருந்து பத்து அடி நடந்தால் கடலுக்குள் இறங்கும் படிக்கட்டு. சில ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே பிள்ளைகளை அங்கே தங்க விடுவதே இல்லை. நான் தங்கிப் பார்த்தது ஒரே தீவில்தான், அதுவும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு. அதனால் கிட்ஸ் கிளப் எல்லாம் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பாசிக்குடா பிறை மாதிரி வளைந்த ஒரு விரிகுடா. உள்ளே நடக்க நடக்க ஆழம் கூடுவதே தெரியாது. நூறு மீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தேன், தண்ணீர் என் இடுப்பைத் தாண்டவில்லை. பருவத்தில் அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சின்னவள் கணுக்கால் தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் கிண்ணத்தால் மொண்டு அண்ணன் முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் அவர்கள் பக்கத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்து டீ குடித்தோம். மற்ற கடற்கரைகளில் பெற்றோர்கள் மாறி மாறி டியூட்டி பார்ப்பார்கள், இங்கே நான்கு பேரும் ஒன்றாக இருக்க முடிந்தது. கண்ணை எடுக்கலாம் என்று சொல்லவில்லை, குழந்தை முழங்கால் தண்ணீரிலும் மூழ்கும். படகும் ஜெட் ஸ்கீயும் போகிற பக்கம் விலகி இருக்க வேண்டும். சில இடங்களில் உடைந்த பவளத் துண்டுகள் குத்தும், பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடல் போரடிக்கும், என் மனைவிக்கு அடித்தது. பக்கத்திலேயே இருக்கும் கல்குடா கடல் இப்படிச் சாதுவானது அல்ல, அங்கே சும்மா நடந்துவிட்டு வரலாம்.

சாப்பாட்டுக் கவலையும் இல்லை. காலையில் இடியப்பமும் காரமில்லாத தேங்காய்ப்பால் சொதியும் கிடைத்தால் எங்கள் வீட்டுச் சண்டை பாதி தீர்ந்தது. பரிமாறியவர், "தம்பிக்கு இன்னும் ஒண்டு வைக்கட்டா?" என்று கேட்டதற்கு, வீட்டில் ஒன்றுக்கே அடம்பிடிக்கும் பெரியவன் தலையாட்டினான். சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியும் தனி அத்தியாயம்.

இனி செலவு. மாலத்தீவில் அறை வாடகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி. ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் அது கிடையாது, ஆக எங்களுக்கு ஓர் இரவுக்கு 48 டாலர். கடல் விமானத்தில் போக வேண்டிய தீவு என்றால் பெரியவர் ஒருவருக்குப் போய்வர 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பாசிக்குடாவின் நல்ல ரிசார்ட்டுகளில் கடைசி பில்லைப் பார்த்து இப்படி அதிர வேண்டியிருக்காது.

பயணத்தில்தான் பாசிக்குடா அடிவாங்குகிறது. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து காரில் ஆறு மணி நேரமாவது ஆகும். ஒரே மூச்சில் போகாமல் வழியில் ஹபரணையில் ஓர் இரவு தங்கினோம். மின்னேரியா தேசியப் பூங்கா ஓரமாகப் போகும்போது சாலைக்கு அருகிலேயே யானை நின்றது, அதில் ஒரு மணி நேர அழுகை அடங்கியது. மாலத்தீவின் கடல் விமானத்துக்கு அந்த அலுப்பு இல்லை, ஆனால் அது பகலில் மட்டுமே பறக்கும். மாலேயில் மாலையில் இறங்கினால் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினாலும் இதே கதை: ரிசார்ட்டில் மருத்துவர் இருந்தால் அவர், இல்லையென்றால் படகு. பாசிக்குடாவில் வாழைச்சேனை ஆதார மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, மட்டக்களப்புப் போதனா மருத்துவமனைக்கும் சாலை வழியே போய்விடலாம்.

கடைசியாக மாதம். கிழக்குக் கரை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அமைதி, நம் கோடை விடுமுறைக்குக் கச்சிதம். அரையாண்டு விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை பாசிக்குடாவைப் புரட்டி எடுக்கும், அப்போது போக வேண்டாம். மாலத்தீவுக்கு நேர்மாறு: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயில், மே பிறந்தால் மழை. ஆகவே டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள், பணமும் இருந்தால், மாலத்தீவிலேயே ஸ்பீட் போட்டில் போகக்கூடிய தூரத்தில், ஆழமில்லாத உள்கடல் உள்ள தீவாகப் பார்த்து, கரையோர வில்லாவை எடுங்கள்.