பாம்ப்சைட்டைத் திருட வந்தவர்கள்: போர்க்கால உளவுப் படங்கள் ஓர் ஒப்பீடு

ஒரு விஞ்ஞானி புதிதாக ஏதோ ஒரு கருவியைக் கண்டுபிடிக்கிறார். எதிரி நாட்டு ஆட்கள் அதைத் திருட வருகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் திருடன் பிடிபட வேண்டும், கருவி தப்பிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாலிவுட்டும் லண்டன் ஸ்டூடியோக்களும் சின்னச் செலவில் இந்த ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே படம்தான். ஆனால் ரகசியத்தை எங்கே வைக்கிறார்கள், திருடன் எந்த முகத்தோடு வருகிறான் என்று கவனித்தால் ஒவ்வொன்றும் வேறாகிவிடுகிறது. அப்படிப் பார்க்கும்போது என் முதலிடம் 1941-ல் வந்த பிரிட்டிஷ் படமான 'காட்டேஜ் டு லெட்'டுக்கு. இரண்டாமிடம் 'ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் த சீக்ரெட் வெப்பன்'. காரணம் சொல்ல வேண்டுமென்றால் கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் முடியாது. படம் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த இரண்டிலுமே திருட்டுப்பொருள் பாம்ப்சைட்தான். பறக்கும் விமானத்திலிருந்து விடும் குண்டு இலக்கில் விழ, வேகம், உயரம், காற்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் குறிபார்க்கும் கருவி அது. அமெரிக்காவின் நோர்டன் பாம்ப்சைட் அந்தக் காலத்தில் மந்திரப் பொருள் போலப் பேசப்பட்டது. 20,000 அடி உயரத்திலிருந்து ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் குண்டைப் போடலாம் என்றார்கள். துணி போட்டு மூடி, துப்பாக்கிக் காவலோடுதான் அதை விமானத்துக்கு எடுத்துப் போவார்கள். இயக்கும் வீரர்கள் ரகசியம் காப்பதாகத் தனி உறுதிமொழி எடுத்தார்கள். பிரிட்டன் கேட்டபோதே அமெரிக்கா கொடுக்கத் தயங்கியது. உள்ளே, விமானம் ஆடினாலும் திசை மாறாமல் நிற்கும் சுழல் கருவியான கைரோஸ்கோப்பும் இயந்திரக் கணிப்பானும் இருந்தன. குண்டு போடும் அந்தச் சில நிமிடங்கள் தானியங்கி இயக்கத்தோடு சேர்ந்து விமானத்தையே அது ஓட்டியது. போர்க்களத்தில் ஊறுகாய்ப் பீப்பாய்க் கணக்கு பலிக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட வசதியான பொருள் ஏது? ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். போனால் போரே போய்விடும் என்று ரசிகர் நம்புவார்.

ஹோம்ஸ் படத்தை யுனிவர்சல் 1942-ல் எடுத்தது. 68 நிமிடம். ஹோம்ஸாக பேசில் ராத்போன், அவர் நண்பர் வாட்சனாக நைஜல் புரூஸ் என்ற ஜோடியை வைத்து அந்த நிறுவனம் எடுத்த 12 படங்களில் இது இரண்டாவது. ராய் வில்லியம் நீல் இயக்கிய முதலாவது. கோனன் டாயிலின் துப்பறிவாளரை குதிரை வண்டிக் காலத்திலிருந்து இறக்கி, குண்டு விழும் லண்டனில் நிறுத்தியிருந்தார்கள். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டோபெல் ஒரு பாம்ப்சைட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். ஹோம்ஸ் முதியவர் வேடத்தில் போய், நாஜிகளின் கண்ணில் மண்ணைத் தூவி அவரை லண்டனுக்குக் கொண்டுவருகிறார். அதற்குப் பிறகு டோபெல் செய்வதுதான் படத்தின் நல்ல யோசனை. கருவியை நான்கு பகுதிகளாகப் பிரித்து நான்கு விஞ்ஞானிகளிடம் கொடுக்கிறார். ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. பெயர்களை மட்டும் நடனமாடும் மனித உருவங்களாலான சங்கேத எழுத்தில் எழுதித் தன் காதலியிடம் விட்டுவைக்கிறார்.

இது வெறும் சினிமா யோசனை இல்லை. அதே ஆண்டில் அமெரிக்கா தொடங்கிய அணுகுண்டுத் திட்டத்திலும் அதன் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் இதே வழியைத்தான் கட்டாயமாக்கினார்: அவரவர் வேலைக்குத் தேவையானது மட்டும் அவரவருக்குத் தெரிந்தால் போதும். பலவீனம் எங்கே என்பதையும் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. நான்கு பகுதிகள் பத்திரமாக இருக்கலாம்; நான்கு பெயர்கள் ஒரு தாளில் இருக்கின்றனவே! ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி அந்தத் தாளைத்தான் திருடுகிறான். முதல் மூன்று விஞ்ஞானிகளும் கொல்லப்படுகிறார்கள். தாள் போன பின்பு, அதற்கு அடியில் இருந்த ஏட்டில் பதிந்த அழுத்தத் தடயத்திலிருந்து ஹோம்ஸ் எழுத்தை மீட்கும் காட்சி, படத்தில் அறிவியல் உண்மையிலேயே வேலை செய்யும் இடம்.

செலவில்லாததை நீல் இருட்டால் ஈடுகட்டுகிறார். மூடுபனி, ஒற்றை விளக்கு, சுவரில் விழும் நிழல் ஆகியவற்றை வைத்தே ஒரு லண்டனைக் கட்டிவிடுகிறார். லயனல் ஆட்வில்லின் மோரியார்ட்டி ஹோம்ஸின் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வடிக்கிறான். அந்த யோசனையைத் தூண்டிவிடுவதே ஹோம்ஸ்தான், நேரம் கடத்துவதற்காக. ஆனால் இந்தக் காட்சியோடு பாம்ப்சைட் மறந்துபோகிறது. கதை இரண்டு மேதைகளின் பழைய பகையாகச் சுருங்கிவிடுகிறது. மோரியார்ட்டி நாஜி இல்லை. நல்ல விலை கொடுப்பவருக்கு விற்பவன். போரை ஒரு வியாபாரியின் பேராசையாகக் காட்டிவிட்டால் ரசிகர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். படம் தரும் சுகமும் அதுதான், அதன் எல்லையும் அதுதான்.

'காட்டேஜ் டு லெட்' அந்த நிம்மதியைத் தருவதில்லை. இயக்கியவர் முன்னாள் பிரதமர் ஆஸ்குவித்தின் மகன் ஆண்டனி ஆஸ்குவித். மேடை நாடகத்திலிருந்து வந்த கதை என்பதால் பெரும்பாலும் ஒரு வீடு, அதன் தோட்டம், பக்கத்தில் வாடகைக்கு விடும் குடில் என்றே நகர்கிறது. இடம் ஸ்காட்லாந்து. லெஸ்லி பேங்க்ஸ் நடித்த கண்டுபிடிப்பாளர் பாரிங்டன் தன் வீட்டிலேயே ஆராய்ச்சி செய்கிறார். குடிலை ஒருவருக்கு வாடகைக்குப் பேசியாயிற்று. அதே குடில் ராணுவ மருத்துவமனைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் அங்கேதான் தங்கவைக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் இந்தக் குழப்பம் வெறும் சிரிப்பாகத் தெரியும். அதற்குள்தான் கதையின் விதை இருக்கிறது. போர் வந்தால் யார் வீட்டுக்குள்ளும் யாரும் வரலாம், கதவைச் சாத்த முடியாது. 1939 செப்டம்பரில் பிரிட்டன் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரைப் பெயர்த்து, பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் தங்கவைத்த நாடு அது. அன்றைய ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தக் கதவு வழியாக இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் டிம்பிள், அலஸ்டர் சிம் நடித்தது. பார்வையே சரியில்லை, பேச்சில் ஒரு வழவழப்பு, எல்லாவற்றையும் துருவுகிறார். இன்னொருவர் விமானி பெர்ரி, ஜான் மில்ஸ். பாராசூட்டில் இறங்கிக் காயத்தோடு வந்தவர். அழகர், வீரர், வீட்டுப் பெண்ணுக்கும் பிடித்துப்போகிறது. உளவாளி பெர்ரிதான். டிம்பிள் பிரிட்டிஷ் உளவுத்துறையைச் சேர்ந்தவர். ரசிகர் எந்த முகத்தை நம்பப் பழகியிருக்கிறாரோ, அந்த முகத்தையே ஆஸ்குவித் எதிரிக்குக் கொடுக்கிறார். விமானப்படைச் சீருடைதான் நாட்டையே காப்பாற்றியது என்று பிரிட்டன் நெகிழ்ந்து நின்ற 1941-ல் இதைச் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பாரிங்டனின் மனைவியாக வரும் ஜீன் டி கசாலிஸ் வாயை மூடுவதே இல்லை. அஜாக்கிரதையான பேச்சு உயிரைக் குடிக்கும் என்று பிரிட்டன் அரசு 1940-ல் ஊரெங்கும் ஒட்டிய சுவரொட்டிகளில், ரயிலில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களுக்குப் பின்னால் ஹிட்லர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சுவரொட்டி உயிர்பெற்று நடமாடுவதுதான் இந்த அம்மாள். ஆனால் படம் அவரைத் திட்டுவதில்லை. லண்டன் சிறுவன் ரொனால்டாக வரும் ஜார்ஜ் கோலுக்கு இதுதான் முதல் படம். பெரியவர்கள் கவனிக்கத் தவறுவதை அவன் கவனிக்கிறான். கடைசியில் திருவிழாச் சந்தையில், கண்ணாடிகள் சூழ்ந்த அரங்கில் துப்பாக்கிச் சண்டை. யார் அசல், யார் பிம்பம் என்று தெரியாத அந்த இடத்தில் படம் தன் வாதத்தை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது.

அமெரிக்கப் படங்கள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மர்டர் இன் தி ஏர்' (1940) 55 நிமிட வார்னர் படம். ரொனால்ட் ரீகன் ரகசிய சேவை அதிகாரி. 'இனர்ஷியா புரொஜெக்டர்' என்ற கதிர்க்கருவி தொலைவிலிருந்தே மின் இயந்திரங்களை நிறுத்தி விமானத்தை வீழ்த்தும். அதன் வரைபடத்தைத் திருடப் பார்க்கிறார்கள். ரீகன் ஜனாதிபதியாகி 1983 மார்ச்சில் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்த பிறகு, இந்தப் படத்தைப் பலர் தேடிப் பார்த்தார்கள். அந்த ஆர்வத்தைத் தாண்டிப் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.

'இன்விசிபிள் ஏஜென்ட்' (1942) வேறு வகையில் சங்கடம் தருவது. மறைந்துபோக வைக்கும் மருந்தின் சூத்திரத்தைக் கேட்டு, காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நாயகனின் விரல்களை வைத்து மிரட்டும் காட்சி இன்றும் உலுக்குகிறது. ஜான் ஃபுல்டனின் தந்திரக் காட்சிகள் ஆஸ்கர் பரிந்துரை வரை போயின. ஆனால் ஜப்பானிய உளவாளியாக வருபவர் பீட்டர் லோரே. ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு வந்த யூத நடிகர், இன்னோர் இனத்தின் முகத்தைப் பூசிக்கொண்டு வில்லனாகிறார். அதே ஆண்டு அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்தது. திருடனை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்த படங்கள் அந்த அநியாயத்துக்குப் பக்கவாத்தியம் வாசித்தன. இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. 'காட்டேஜ் டு லெட்'டை நான் உயர்த்திப் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். நோர்டன் பாம்ப்சைட் திருடுபோனது. திரையில் விஞ்ஞானிகள் அதைக் காப்பாற்றத் தொடங்குவதற்கு வெகு முன்னரே. 1937-ல் ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் நிகோலஸ் ரிட்டர் நியூயார்க் வந்தபோது, நோர்டன் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்த ஹெர்மன் லாங் வரைபடங்களின் நகல்களை அவரிடம் கொடுத்தார். கொலை இல்லை, துரத்தல் இல்லை. தினமும் வேலைக்கு வந்து போன, யாரும் சந்தேகிக்காத ஓர் ஊழியர். 1941 ஜூனில் அமெரிக்காவில் இயங்கிய டுகேன் என்ற ஜெர்மன் உளவு வலையைப் பிடித்தபோதுதான் அவரும் சிக்கினார். 33 பேருக்குத் தண்டனை கிடைத்தது. லாங்குக்கு 18 ஆண்டு.

அந்த வழக்கை வைத்து 1945 செப்டம்பரில் வந்தது 'தி ஹவுஸ் ஆன் நைன்டி செகண்ட் ஸ்ட்ரீட்'. இது சின்ன பட்ஜெட் படம் இல்லை. மற்றவற்றை அளக்க ஓர் அளவுகோலாகத்தான் இங்கே கொண்டுவருகிறேன். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. மறைத்துவைத்து எடுத்த உண்மையான படச்சுருள்களையே ஹென்றி ஹாத்தவே சேர்த்திருக்கிறார். திருடப்படும் 'புராசஸ் 97' அணுகுண்டைச் சேர்ந்தது. அதை வெளியே கொண்டுபோகிறவர் ஆய்வகத்தின் உள்ளேயே இருக்கும் விஞ்ஞானி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுவார். லாங்குக்கு மிகப் பக்கத்தில் வருவது இந்தப் பாத்திரம்தான். ஆனால் அணுகுண்டு ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது என்று அறிவித்துப் படம் முடிகிறது. அந்த வேளையில், அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து கிளாஸ் ஃபுக்ஸ் என்ற விஞ்ஞானி அதைச் சோவியத் யூனியனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் கைதானது 1950-ல். எதிரி உளவாளி என்று யாரும் பார்க்காத, கூட்டாளி நாடான பிரிட்டன் அனுப்பிய ஆள் அவர்.

பிரிட்டனிலோ நேர்மாறு. போர்க்காலத்தில் அங்கு வந்த ஜெர்மன் உளவாளிகளை அநேகமாக எல்லோரையும் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 பிடித்து, அவர்களில் பலரைத் தன் பக்கம் திருப்பிவிட்டது என்பது 1970களில்தான் வெளியே வந்தது. பெர்ரியைப் போல ஒருவன் வெற்றிக்குப் பக்கத்தில் வந்திருக்க வாய்ப்பே குறைவு. ஆக, பயப்பட வேண்டிய அளவில் ஆஸ்குவித் மிகைப்படுத்தினார். யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் மட்டும் ஏமாறவில்லை: நாம் ஏற்கெனவே நம்பி உள்ளே விட்ட ஆள்.

ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது, மூளையை வருத்தாத படம் போதும் என்றால் ஹோம்ஸைப் பாருங்கள். காப்புரிமை இல்லாத படம் என்பதால் இணையத்தில் மங்கிய பிரதிகளும் வண்ணம் பூசிய பிரதிகளும் நிறையச் சுற்றுகின்றன. நீலின் இருட்டை அவை கெடுத்துவிடும், கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் மீட்டெடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தேடுங்கள். 'காட்டேஜ் டு லெட்'டை இரண்டு தடவை பார்க்கலாம். உண்மை தெரிந்த பிறகு அலஸ்டர் சிம் ஒவ்வொரு காட்சியிலும் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். நாம் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கண் மில்ஸின் மேல்தான்.