வணிக வளாக முற்றம்: ஒரே மட்டத் தரையா, இறங்கும் தட்டுகளா?

ஹட்டன், தலவாக்கலை போன்ற சரிவு நகரங்களில் வணிக வளாகம் ஒன்றுக்குப் பொது முற்றம் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரிவை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பி, உயர்ந்த தாங்குசுவர் கட்டி, இன்டர்லொக் கல் பதித்த ஒரே மட்டத் தரை. மற்றது, சரிவோடு இறங்கும் மூன்று நான்கு தட்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தாழ்ந்த கருங்கல் சுவரும் ஒரு கானும்.

மட்டத் தரையின் பலத்தை மறுக்க முடியாது. தீபாவளிக்கு முந்திய வாரம் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கும் சனத்துக்கு அது தாராளமாக இடம் கொடுக்கும். அரிசி மூட்டை சுமப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் படித் தொல்லை இல்லை. தட்டுகளின் பெரிய சிக்கலே இந்தப் படிகள்தான். 12க்கு 1 என்ற சாய்வில் சாய்தளம் அமைத்தால், மூன்று மீற்றர் இறக்கத்துக்கு 36 மீற்றர் நீளம் வேண்டும். இடையில் இளைப்பாறும் மேடைகள் தனி. முதல் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்காவிட்டால் பின்னர் எங்கும் நுழைக்க முடியாது.

ஆனால் தண்ணீரை நினைத்தால் என் மனம் தட்டுகளின் பக்கமே நிற்கிறது. 1,000 சதுர மீற்றர் தரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பொழியும் மேற்குச் சரிவில் இது எதிர்பார்க்க வேண்டிய மழைதான். மட்டத் தரை அத்தனையையும் ஓரிரு வடிகான் வாய்களுக்கு அனுப்புகிறது. அவை இலைதழையால் அடைபட்டால், சரிவை நிரப்பிய மண்ணுக்குள் நீர் இறங்கி, தாங்குசுவரை உள்ளிருந்து தள்ளும். தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு மண்ணைத் தேக்குவது நீரின் வேகத்தை உடைக்கத்தான். தட்டுகளின் ஓரக் கான்களும் அப்படித்தான். அந்த வேலை தெரிந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். வளாகம் கட்டுபவர்கள் அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும்.

புல்தரை இரண்டுக்கும் பொருந்தாது; ஈர மண்ணில் கூட்டம் மிதித்தால் சேறுதான் மிஞ்சும்.

மரங்களிலும் கவனம் தேவை. கொழும்பில் முற்றத்துக்கு நிழல் வேண்டும். ஹட்டனில் வெயிலும் கூரையும் வேண்டும். அடர்நிழலில் கல் பாசி பிடித்து வழுக்கும். எனவே சவுக்கு மரங்கள் விளிம்பில் மட்டும், கடைகளை ஒட்டிக் கூரையிட்ட நடைபாதை. கிழக்குச் சரிவின் பண்டாரவளையில், ஆடி ஆவணியின் வறண்ட காற்றுக்கு நடுமுற்ற மரங்களும் உதவும். அசேலியாப் பூச்செடி புளிப்பு (அமில) மண்ணை விரும்புவது. சீமெந்துச் சுவரை ஒட்டிய ஒடுங்கிய பாத்தியில் சுண்ணாம்பு கசிந்து வாடும். சாந்தில்லாமல் அடுக்கிய கருங்கல்லோரம் அந்தக் கவலை இல்லை.

நான் கேட்பது இது: வீதி மட்டத்தில் கடைகளுக்கு முன் ஓர் அகன்ற தட்டு, பண்டிகைக் கூட்டத்துக்காக. இருக்கைகளும் செடிகளும் கீழ்த்தட்டுகளில், அவற்றுக்கு இறங்கச் சாய்தளம்.